நாலாம் மாடிக் கதவு குறித்த தீர்மானம்

நான் பொதுவாக யாரையும் குறுக்கே பேச விடுவதில்லை. ஆனால் இது உங்கள் அறை, உங்கள் நாற்காலி. ஆகவே நீங்கள் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: கேள்வியை முழுதாகக் கேளுங்கள். பாதிக் கேள்வி கேட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. என் மனைவிக்கு அந்தப் பழக்கம் உண்டு.

வேலை, பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வேன். நிறுத்தி, தெளிவாக, இரண்டு முறை சொல்வேன். சொல்லி வாய் மூடுவதற்குள் ஜனங்கள் கீழே கடலை விற்பவனிடம் போய், "அண்ணே, வண்டி எங்க நிக்குது?" என்று கேட்பார்கள். அவன் தப்பாகச் சொல்வான். அங்கே ஓடுவார்கள். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். என் சொல் ஒலிபெருக்கியில் ஏறியும் ஒருவர் காதில் ஏறியதில்லை. இதை வருத்தமாகச் சொல்லவில்லை. பின்னணி தெரிந்தால் உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும்.

எங்கள் கட்டடம் ஏழு மாடி. நான் ஐந்தாவது. கட்டடத்துக்கு அலைபேசியில் ஒரு குழு உண்டு. நான் கைவைப்பதற்கு முன்னால் அது வெறும் சந்தைக்கடை. ஒருவர் தண்ணீர் வருகிறதா என்று கேட்பார், இன்னொருவர் அதற்குப் பதிலாக ரோஜாப்பூப் படமும் காலை வணக்கமும் போடுவார், மூன்றாமவர் தன் வண்டியை யாரோ உரசிவிட்டதாகக் கட்டடத்தையே சபிப்பார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பேசி முடிப்பதற்குள் தொட்டியில் தவளை குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டது. ஆளாளுக்கு நாட்டாமை. யாரோ ஒருவர் இதை ஒழுங்குபடுத்தியாக வேண்டியிருந்தது.

அப்படித்தான் பேரவை வந்தது. வீட்டுக்கு ஓர் உறுப்பினர், வீட்டுக்கு ஒரு வாக்கு. கட்டடத்தில் ஒரு பல்பு மாற்றுவதானாலும் பேரவையில் தீர்மானம் வர வேண்டும். விதிகளை நான் எழுதியதால் தலைவராகவும் என்னையே போட்டார்கள். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. எதிர்த்து நிற்பது எப்படி என்கிற விதியை நான் அப்போது எழுதி முடித்திருக்கவில்லை.

விதிகள் எளியவை. ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தால் இன்னொருவர் வழிமொழிய வேண்டும். விவாதத்தில் ஒருவருக்கு இரண்டு முறை வாய்ப்பு, அதுவும் தலைவர் பெயர் சொல்லி அழைத்த பிறகு. உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசக்கூடாது, தலைவரைப் பார்த்தே பேச வேண்டும். கட்டைவிரல் படம் வாக்கு ஆகாது. முன்கூட்டி அனுமதி வாங்காத படமும் காணொளியும் நீக்கப்படும். அவையை அவமதிப்பவருக்கு ஒரு வாரம் பேச்சும் கிடையாது, வாக்கும் கிடையாது. வாக்குகள் சமமானால் மட்டும் தலைவர் வாக்களிப்பார். அப்போது இருப்பது இருக்கட்டும் என்ற பக்கமே அவர் நிற்க வேண்டும். இதில் கொடுமையானது ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

பலன் உடனே தெரிந்தது. ரோஜாப்பூ நின்றது. வாசலில் என்னைப் பார்த்தால் "தலைவரே" என்றார்கள். ஒரு பெரியவர் மின்கட்டணம் கட்டும் வரிசையில்கூட, "பேசலாங்களா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் பேசினார். அன்று எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

நாலாம் மாடித் தையல்காரம்மாதான் பேரவையை முழு மனதோடு நம்பியவர். புருஷன் இல்லை; மகள் வெளியூரில் படிக்கிறாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுத்து வாழ்ந்தார். நான் எதை அறிவித்தாலும் முதல் ஆளாக வழிமொழிவார். "அண்ணே, முன்னெல்லாம் இந்தக் கட்டடத்துல என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. இப்ப நான் சொல்றதையும் எண்ணுறீங்க" என்று ஒருமுறை சொன்னார். அவருக்கு எதிர்வீடு மருந்துக்கடைக்காரர். அவர் வேறு ரகம். எதற்கெடுத்தாலும், "இதுக்கு எதுக்கு சார் விதி? எழுந்து போய்ச் செஞ்சா முடிஞ்சுது" என்பார். பேரவையைக் கலைத்துவிட்டுப் பழையபடி வெறும் குழுவாக்க வேண்டும் என்று ஒரு தீர்மானத்துக்கு முன்னறிவிப்பும் கொடுத்திருந்தார். அடுத்ததாக எடுக்க வேண்டியது அதுதான். இதையும் நான் மறைக்கவில்லை.

இப்போது லிஃப்டுக்கு வருகிறேன். எங்களுடையது பழைய மாதிரி. ஒவ்வொரு மாடியிலும் கையால் இழுத்துத் திறக்கும் கதவு. லிஃப்ட் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். திறந்தால் லிஃப்ட் வந்திருக்கிறது என்று அர்த்தம், காலை உள்ளே வைக்கலாம். அப்படித்தான் எல்லோரும் பழகியிருந்தோம். வந்ததைக் காட்டும் விளக்கு எப்போதோ எரியாமல் போயிற்று. அது பற்றிய தீர்மானம் நிலுவையில் இருக்கிறது.

நாலாம் மாடிக் கதவின் பூட்டு கெட்டுவிட்டது என்று மருந்துக்கடைக்காரர் அவையில் எழுதினார். லிஃப்ட் எங்கே இருந்தாலும் அந்தக் கதவு திறக்கிறதாம். பழுது பார்ப்பவர் வந்து பார்த்துவிட்டு, சாமான் வர ஒரு வாரம் ஆகும், அதுவரை லிஃப்டை நிறுத்தி வையுங்கள் என்று சொன்னாராம். அதன்படி லிஃப்டை நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து, கூடவே ஒரு காணொளியும் போட்டார். அதில் கதவைத் திறந்து ஒரு பழைய செருப்பை உள்ளே போடுவதாகவும், அது கீழே விழும் சத்தம் வர நேரமாவதாகவும் பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. முன் அனுமதி இல்லாததால் அதை நீக்கினேன். அனுமதிக்கப்படாத ஆதாரத்தைத் தலைவரே பார்ப்பது முறையல்ல.

அவர் காவலாளியிடம் சொல்லி லிஃப்டை நிறுத்தியும் விட்டார். தீர்மானம் நிறைவேறாமல் நிறுத்தினால் நாளைக்கு ஆளாளுக்கு ஒன்றை நிறுத்துவார்கள். காவலாளியைக் கூப்பிட்டுத் திரும்பப் போடச் சொன்னேன்.

"சார், அவரு ஆபத்துன்னாரே" என்றான்.

"ஆபத்தா இல்லையான்னு அவை சொல்லும். நீ சுவிட்சப் போடு" என்றேன்.

மருந்துக்கடைக்காரர் அதோடு விடவில்லை. நாலாம் மாடிக் கதவின் கைப்பிடியைக் கம்பியால் இறுக்கிக் கட்டி, "திறக்காதீர்கள், உள்ளே லிஃப்ட் இல்லை" என்று ஒரு தாள் ஒட்டினார். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, அந்தக் கதவுப் பக்கமே போகாதீங்க" என்றும் சொல்லி வைத்தார். தையல்காரம்மா துணி மூட்டையோடு நாலு மாடி நடந்தார். விவாதம் முடியும் வரை தாளை நான் தொடவில்லை. அந்தப் பொறுமையை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

விவாதம் நன்றாகவே நடந்தது. ஏழாம் மாடிக்காரர், "ஒரு வாரம் நாங்க மேல எப்படிப் போறது, பறந்தா போறது?" என்று கேட்டார். இரண்டாம் மாடியில் ஒருவர், லிஃப்டை நிறுத்துவது என்பதை மாற்றி, நிறுத்துவது பற்றி ஆராய்வது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அந்தத் திருத்தத்துக்கு வேறொருவர் திருத்தம் கொண்டுவந்தார். திருத்தத்துக்குத் திருத்தம் வந்தால் எதை முதலில் எடுப்பது என்பதற்கு நல்லவேளையாக எங்களிடம் விதி இருந்தது. எல்லாம் முடிந்து, கடைசியில் மூலத் தீர்மானம் வந்த கோலத்திலேயே வாக்கெடுப்புக்குப் போயிற்று. இதற்கிடையில் மருந்துக்கடைக்காரர் தன் இரண்டு வாய்ப்பையும் தீர்த்துவிட்டு மூன்றாவது முறை புகுந்தார். "யாராவது விழுந்தாத்தான் உங்களுக்கு உறைக்குமா? நாற்காலிப் பைத்தியம் பிடிச்சிருக்கு உங்களுக்கு" என்று எழுதினார். எனக்குக் கோபம் வரவில்லை. அவமதிப்பு விதியை எடுத்துச் சொல்லி அவரை ஒரு வாரம் விலக்கினேன். அவர் வாக்கும் அதோடு போனது.

அன்று என் மனைவி தட்டை வைத்துவிட்டு நின்றாள். "ஏங்க, நம்ம வீட்டு ஓட்டு..." என்றாள்.

"நம்ம வீட்டு ஓட்டு தலைவர் நாற்காலியில இருக்கு" என்றேன்.

"நாற்காலி விழாதுங்க. மனுஷங்கதான் விழுவாங்க" என்றாள். அவள் உறுப்பினர் அல்ல. அதனால் பதில் சொல்லவில்லை.

வாக்கெடுப்பு நடக்கும்போது தையல்காரம்மா எனக்குப் போன் செய்தார். "அண்ணே, நான் எப்படிப் போடட்டும்? எதிர்வீட்டுத் தம்பி பயமுறுத்துது. நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க." தலைவர் அபிப்பிராயம் சொல்லக்கூடாது என்று விளக்கினேன். "ஆனா, இருக்கறது இருக்கட்டும்கறதுதான்மா மரபு" என்றும் சொன்னேன். அது அபிப்பிராயம் அல்ல, தகவல். "அது போதும்ணே" என்று வைத்துவிட்டார். நிறுத்த வேண்டாம் என்று போட்டார்.

முடிவு இருபத்தாறுக்கு இருபத்தாறு. மருந்துக்கடைக்காரர் இருந்திருந்தால் இருபத்தேழு ஆகியிருக்கும், தெரியும். தையல்காரம்மா மாற்றிப் போட்டிருந்தாலும் அப்படித்தான். அவை சமமாகப் பிரிந்தது, தலைவர் வாக்களிக்க வேண்டிய நேரம் வந்தது. நான் தலைவரானதிலிருந்து அப்படி ஒரு நேரம் வந்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். விதிப்படி இருப்பது இருக்கட்டும் என்று போட்டேன். "தீர்மானம் தோல்வி. லிஃப்ட் வழக்கம்போல் இயங்கும்" என்று அறிவித்தேன். ஐம்பத்துச் சொச்சம் பேரும் உடனே படித்தார்கள். பேருந்து நிலையத்தில் அப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை.

மறுநாள் காலை மருந்துக்கடைக்காரர் கடை திறக்கப் போன பிறகு நாலாம் மாடிக்கு இறங்கினேன். ஆமாம், தாளைக் கிழித்தது நான்தான். கம்பியைக் குறட்டால் முறுக்கி எடுத்ததும் நான்தான். காவலாளியை விட்டுவிடுங்கள், அவனுக்கு அதில் சம்பந்தம் இல்லை. அவை ஒன்றைச் சொல்லிவிட்ட பிறகு அதற்கு எதிராக ஒரு தாள் தொங்கிக்கொண்டிருந்தால் அப்புறம் அவை எதற்கு? அந்தத் தாள் இருந்தவரை கட்டடம் என் பேச்சையும் கேட்காது, தன் பேச்சையும் கேட்காது. மறுபடியும் கடலைக்காரனிடம் ஓடுவார்கள்.

கம்பியைச் சுருட்டிப் பையில் போடும்போது தையல்காரம்மா வெளியே வந்தார். தைத்து முடித்த சீருடைகளை இரண்டு கையாலும் தாடை வரை அணைத்துப் பிடித்திருந்தார்.

"என்னண்ணே, சரியாயிடுச்சா?"

"தீர்மானம் தோத்துடுச்சும்மா."

"அப்ப இதுல போலாம்ல?"

"போகக்கூடாதுன்னு அவை சொல்லல."

அவர் முகம் மலர்ந்தது. நடந்து நடந்து முழங்கால் வீங்கியிருந்தது பாவம். "நீங்களும் வாங்களேன், சேர்ந்தே இறங்கிடலாம்" என்றார்.

"இல்லம்மா, டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினேன். இரண்டாம் மாடி திரும்பும்போது சத்தம் கேட்டது. கத்தல் எதுவும் இல்லை. மூட்டை விழுந்த மாதிரிதான் இருந்தது.

கீழே போய்ப் பார்த்தேன். காவலாளி அழுதுகொண்டிருந்தான். நான் அலைபேசியை எடுத்து அவையை ஒத்திவைத்தேன். மாலையில் இரங்கல் தீர்மானம் நானே கொண்டுவந்தேன். எப்போதும் வழிமொழிபவர் இல்லாததால் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று; பிறகு ஏழாம் மாடிக்காரர் வழிமொழிந்தார். மருந்துக்கடைக்காரர் விலக்கை மீறி ஒரே ஒரு சொல் எழுதினார். அது இன்னதென்று நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். அதை நீக்கினேன். அவருடைய வாரம் முடியவில்லையே. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பேரவை வரலாற்றில் ஒருமனதாக நிறைவேறியது அது ஒன்றுதான். அந்தம்மா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

நீங்கள் ரொம்ப நேரமாக ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறீர்கள். எந்த டாக்டர் என்று கேட்கிறீர்கள். முழுக் கேள்வி, ஆகவே முழுப் பதில் சொல்கிறேன். டாக்டர் யாரும் இல்லை. கம்பியை எடுத்ததும் அந்தக் கதவைச் சும்மா இழுத்துப் பார்த்தேன், திறந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை, கீழே வரை இருட்டு. மறுபடி மெல்லச் சாத்தினேன். அதற்கப்புறம்தான் தையல்காரம்மா வந்தார்.

நான் என்ன பார்த்தேன் என்று அவையில் யாரும் கேள்வி எழுப்பவில்லை, ஐயா. கேட்கப்படாத கேள்விக்குத் தலைவர் பதில் சொல்வது முறையல்ல.