மானிட்டரை அணைத்தவள்

தாம்பரத்தில் மின்ரயில் கிளம்பியதும், வெள்ளைக்கோலை மடக்கிக்கொண்டே அந்தப் பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்:

"இன்னிக்கு மேனேஜரோட மானிட்டரை அணைச்சுட்டேன்டி."

"ஐயோ, எதுக்கு?"

"எங்க ஆபீஸ் சைட்ல எல்லா லிங்க்கும் 'இங்கே கிளிக் செய்யவும்'தான். ஸ்கிரீன் ரீடர் என் காதுல அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லும். லீவு போடக்கூட பக்கத்து சீட்டைக் கெஞ்சணும். எத்தனையோ தடவை சொன்னேன், 'பார்க்கலாம்மா'ன்னே ஓட்டினாரு. அதான், ஹெட்போனை அவருக்கு மாட்டிவிட்டு, 'காதால கேட்டே லீவு ஃபார்மைக் கண்டுபிடிங்க சார்'னேன்."

"கண்டுபிடிச்சாரா?"

"ராஜினாமா ஃபார்முக்குப் போயிட்டாரு!"

பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி தோழி சிரித்தாள். "அப்புறம்?"

"சாயந்திரத்துக்குள்ள ஒவ்வொரு லிங்க்குக்கும் பேர் வெச்சாச்சு."

பெருங்களத்தூர் வந்தது. கோலை விரித்து எழுந்தவள், "நாளைக்கு நான் லீவு," என்றாள். "நானே போட்டேன்."