பீன்ஸும் இரும்புக் கம்பியும்

— வேன்ல ஏறுங்க ஜூரா டீச்சர், நின்னு பேச நேரமில்ல. இருட்டுறதுக்குள்ள எம் புள்ளையத் தேடணும்.

— எங்கெல்லாம் பாத்தீங்க, குபாத்?

— வீடு, பக்கத்து வீடு, பஜார்ல நான் வேனுக்கு ஆள் ஏத்துற இடம், எல்லாம் பாத்தாச்சு. மத்தியானமே பள்ளிக்கூடம் விட்டாச்சு, பெர்மெத் இன்னும் வீடு வந்து சேரல. பனி வேற கொட்டப் போகுது. இந்தாங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எல்லாம் உங்க பாடத்தால வந்த வினை.

— என் பாடத்தாலயா?

— பின்ன? ரெண்டாம் வகுப்புப் புள்ளைங்களுக்கு எழுத்தச் சொல்லிக்குடுங்க, கணக்கச் சொல்லிக்குடுங்க. எதத் தின்னணும், எப்படிக் குதிக்கணும்னு உங்கள யாரு கேட்டா?

— யாரும் கேக்கலதான். பாதி வகுப்பு காலையில சிப்ஸ தின்னுட்டு, கோலாவக் குடிச்சிட்டு வருது. ரெண்டாவது மணி அடிக்கிறதுக்குள்ள பெஞ்சுல சாஞ்சிருது. அதப் பாத்துட்டு நான் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கணுமா? சரி, இங்க இடப்பக்கம் திருப்புங்க. பச்சைக் கதவு. அஸேல் வீடு. அவ பக்கத்துலதான் பெர்மெத் உக்காருவா. இருங்க, நான் இறங்கிக் கேட்டுட்டு வரேன்.

— என்ன சொல்றாங்க?

— இங்க வரலயாம். பள்ளிக்கூட வாசல்லயே ரெண்டும் பிரிஞ்சிருச்சாம். 'எனக்கு வேலை இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போனாளாம்.

— எட்டு வயசுப் புள்ளைக்கு என்ன வேலை, இந்தாங்க, என்ன வேலைங்கறேன்?

— பதறாதீங்க. இந்தக் குளிர்ல உங்களுக்கு இப்படி வேர்க்குதே.

— பெத்த புள்ளையக் காணோம், வேர்க்காதா? போன வாரம் அவளுக்குப் புடிச்ச மிட்டாய் வாங்கிட்டுப் போனேன். தொடல. டீயில ஜாம் போட்டா நகத்தி வைக்கிறா. மூணு வேளையும் பீன்ஸ் கொட்டை வேணுமாம். நம்ம தாலாஸ்ல மூட்டை மூட்டையா பீன்ஸ் விளையுது, லாரி லாரியா வெளிநாட்டுக்குப் போகுது. நம்மாளுங்க யாராவது அதத் தின்னு பாத்திருக்கீங்களா? எம் பொண்ணு தின்றா. தின்னுட்டு கதவு மேல ஏறி வௌவால் மாதிரித் தொங்குறா. கீலே கழண்டு போச்சு.

— தொங்குறாளா?

— அவ அம்மா ரஷ்யாவுல, கஸான்ல தையல் வேலையில இருக்கா, தெரியுமில்ல. போன்ல புள்ளையப் பாத்துட்டு ஒரே அழுகை. 'மூஞ்சி வத்திப்போச்சே, நீ அவளுக்குச் சோறு போடறியா இல்லையா'ன்னு என்னப் புடிச்சுக்கிறா. பொம்பளப் புள்ளைங்கள ஒல்லியாக்கப் பாடம் நடத்துறீங்களா?

— ஒல்லியாகச் சொல்ல நான் என்ன பைத்தியமா? கேளுங்க, குபாத். அவளாத்தான் எங்கிட்ட வந்தா. 'டீச்சர், சீக்கிரமாக் கையில பலம் வரணும்னா என்ன சாப்பிடணும்'னு கேட்டா. பசங்க யாராவது அடிக்கிறாங்களான்னு கேட்டேன், இல்லன்னுட்டா. நாலு வருஷமா இந்தப் பாடம் நடத்துறேன், ஒரு புள்ள கூட இப்படி வந்து கேட்டதில்ல. எனக்குத் தலைகால் புரியல. பீன்ஸ் சாப்பிடு, முட்டை சாப்பிடு, தயிர் சாப்பிடு, தினம் கம்பியில தொங்குன்னு சொன்னேன்.

— சொன்னீங்கல்ல. அனுபவிக்கிறேன்.

— ஒரு நிமிஷம். பள்ளிக்கூடத்துக் கம்பிக்கு இன்னிக்குப் பெயின்ட் அடிச்சிருக்காங்க. தொடக்கூடாதுன்னு நான்தான் வெரட்டி விட்டேன். வாய்க்காலுக்கு அந்தாண்ட பழைய மைதானம் இருக்குல்ல?

— அங்கயா? அங்க வெறும் நாய்ங்கதான் சுத்தும்.

— அங்கயும் கம்பி இருக்கு. திருப்புங்க. குபாத், வண்டி ரோட்ட விட்டு வாய்க்கால் பக்கம் போகுது. குபாத், காதுல விழுதா?

— ம்? விழுது, விழுது. ஏதோ நெனப்பு.

— அதோ பாருங்க. நீல ஜாக்கெட். அவதான்.

— பெர்மெத். இறங்குடி கீழ.

— கொஞ்சம் இருப்பா, இன்னும் கொஞ்ச நேரம் தொங்கிட்டு வரேன்.

— இறங்குன்னா இறங்கு. எங் குட்டிக்குதிரை, கை ஐஸா இருக்கே. இந்தாங்க டீச்சர், வந்து பாருங்க, தோலெல்லாம் உரிஞ்சிருக்கு.

— பெர்மெத், கையக் குடு. இப்படியா தொங்கச் சொன்னேன்? ஊரே உன்னத் தேடுது. யார்கூடச் சண்டை போட இவ்வளவு பலம் வேணும் உனக்கு?

— சண்டைக்கு இல்ல டீச்சர்.

— வேற எதுக்கு?

— போதும் டீச்சர், புள்ள நடுங்குறா. வீட்டுல போய்ப் பேசிக்கலாம். நீங்க முன்னால ஏறுங்க, அவ பின்னால படுத்துக்கட்டும்.

— இல்லப்பா. முன் சீட்டு எனக்கு.

— பின்னால போன்னு சொல்றேன்ல.

— நீங்க எங்கயாவது கெட்டியாப் புடிச்சுக்கங்க டீச்சர். முன்னால நான்தான் உக்காரணும்.

— ஏன் பெர்மெத்? தினமும் அங்கதான் உக்காருவியா?

— லீவு நாள்ல அப்பாகூட கணவாய் தாண்டி பிஷ்கெக் வரைக்கும் போவேன், அப்பல்லாம்.

— பெர்மெத், வாய மூடு.

— டீச்சர்கிட்டப் பொய் சொல்லக்கூடாதுப்பா. டீச்சர், அப்பா ஓட்டிக்கிட்டிருக்கும்போதே கண்ணு சொருகிச் சாஞ்சிருவாரு. கூப்பிட்டாலும் கேக்காது. அப்ப நான் கை பிரேக்கப் புடிச்சு இழுக்கணும், அப்பாதான் சொல்லிக்குடுத்திருக்காரு. போன மாசம் கணவாய்ல ரெண்டு கையாலயும் இழுத்தேன், வரவே இல்ல. அப்புறம் அப்பாவே தானா முழிச்சுக்கிட்டாரு. பின்னால வேன்ல வந்தவங்க எல்லாரும் தூங்கிட்டிருந்தாங்க.