பத்துக்கு எத்தனை

ஹலோ… ஹலோ, கேக்குதோ? ஓம், நான்தான், பிரியங்கினி. உங்கட மனிசி. குரலும் மறந்துபோச்சோ?… இது பக்கத்துக் கட்டில் கந்தளாய் அக்காவின்ர போன்.

…ஓம், ஓம், உயிரோடதான் கிடக்கிறன். முதுகைக் கீறித் தைச்சு இண்டைக்கு நாலாம் நாள். முந்தநாள் வரைக்கும் நோவுக்கு ஊசி போட்டவை, ஒருமாதிரிச் சமாளிச்சன். நேற்றையில இருந்து ரெண்டு பனடோல் குளிசை. அவ்வளவுதான்.

…ஏனோ? அதை நீங்கள் சொல்லுங்கோ. நேற்று டொக்டர் றவுண்ட் வரேக்க என்ர கட்டிலடியில ஆர் நிண்டது?… ஓம், நீங்கள்தான். அவர் சிங்களத்தில என்ன கேட்டவர்?

…சுகமோ எண்டோ? பொய்! நோவு பத்துக்கு எத்தனை எண்டு கேட்டவர். அக்கா எல்லாம் சொல்லிப்போட்டா. அவர் கேட்டது என்னை. நீங்கள் முந்திக்கொண்டு ரெண்டு விரலைக் காட்டினனீங்கள். நான் கண்ணால கண்டனான். ரெண்டு நாளில வீட்ட விடப்போகினம் எண்டு நினைச்சுச் சந்தோசப்பட்டனான், விசரி!

…என்னது? என்ர மனிசி எதையும் தாங்குவாள் எண்டும் சொன்னனீங்களோ? டொக்டருக்கு முன்னால பெருமையோ? சீ! கேக்கவே அருவருப்பாக் கிடக்கு.

…சத்தம் போடத்தான் போறன். போன மாசம் விரலில கெளிறு மீன் முள்ளுக் குத்தினதுக்கு உப்புவெளி முழுக்கக் கேக்கக் கத்தினது ஆர்? அப்ப நான் பத்துக்கு ரெண்டு எண்டு சொன்னனானோ? சுடுதண்ணி வைச்சு, கையைப் பிடிச்சுக்கொண்டெல்லோ இருந்தனான்.

…ஆர், மாமியோ? ஊசி பழகிப்போகுமாமோ? அவ எப்ப டொக்டருக்குப் படிச்சவ?… எண்ணெயோ? தையல் போட்ட முதுகில எண்ணெய் பூசுறதோ? சீச்சீ! அந்தப் போத்தில் இந்த வாட்டுப் பக்கம் வரக்கூடாது, சொல்லிப்போட்டன்.

…நேர்ஸ் மிஸ்ஸிட்டக் கேக்காமல் இருப்பனோ? கட்டிலில தொங்குற டிக்கட்டில நோவு ரெண்டு எண்டு எழுதிக் கிடக்காம், டொக்டர் வந்து மாத்தினாத்தான் ஊசியாம். இண்டைக்கு என்னை எழுப்பி நடத்தவும் வேணுமாம். இருமவே ஏலாமல் கிடக்கிறன், எழும்பி நிக்க ஏலுமோ? நேற்றையில இருந்து தலையணையைக் கடிச்சுக்கொண்டு கிடக்கிறன், சசி… இண்டைக்கும் ரெண்டு எண்டு எழுதினால் நான் என்ன செய்வன்?

…அழாதேங்கோ. உங்களைத் தேத்துறதுக்கும் என்னட்டைத் தெம்பில்லை.

…இல்லை, வரவேண்டாம். துறைமுகத்தில உங்கட வேலையைப் பாருங்கோ… என்ன, நாலு எண்டு சொல்லுவீங்களோ? கூட்டித் தாறீங்களோ? நான் என்ன மீன் சந்தையில கிடக்கிற பாரையோ, நிண்டு பேரம் பேச?

…பொறுங்கோ, டொக்டர் வந்திட்டார். அங்கால மூண்டாம் கட்டிலில நிக்கிறார்… ஓம் அக்கா, ஓம், இந்தா தாறன்… இல்லை, உங்களுக்கில்லை, அக்காவுக்குச் சொன்னனான்.

…சிங்களம் தெரியாட்டி என்ன? விரல் எனக்கும் கிடக்கு. ஒன்பது. அதைக் காட்ட ரெண்டு கையும் வேணும், போனை வைக்கிறன்.