மூன்று முறை கேட்பார்கள்

மாலை ஆறே முக்கால். ஓடையை ஒட்டிய மண் பாதை... சைக்கிளில் ஒரே ஆள். என் சிநேகிதனின் சித்தப்பா. எலக்ட்ரீஷியன். கம்பத்தில் ஏறினாலும் பேச்சை நிறுத்த மாட்டார் என்பதால் எல்லாருக்கும் அவர் 'ரேடியோ'. அந்த மனுஷன் வாயை மூடிக்கொண்ட ஒரே நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அவருடைய ஐந்து வயது மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். நீல ஸ்வெட்டர் இல்லாமல் தூங்க மாட்டேன் என்று ஒரே அழுகை. அதை அத்தை வீட்டில் மறந்து வைத்துவிட்டாள். சித்தப்பா போய் வாங்கி, பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, சீக்கிரம் போக வேண்டுமே என்று ஓடைப் பக்கம் திரும்பினார்.

முன்பு அங்கே ஒரு காகித ஆலை இருந்தது. பழந்துணியைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மரச் சம்மட்டியால் கூழாக இடித்துக் காகிதம் செய்வார்கள். அதற்கு முன் பெண்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து பொத்தான்களை வெட்டி எடுப்பார்கள். ஒருமுறை ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். செத்துப்போன பிள்ளையின் சட்டை, தவறுதலாக மூட்டையில் வந்துவிட்டது... அதற்குள் கூழாகிவிட்டிருந்தது. அன்றிலிருந்து ஒரு வழக்கம். ஒவ்வொரு துணியையும் வாசலில் தூக்கிக் காட்டி, யாருக்காவது வேண்டுமா என்று மூன்று முறை கேட்பார்கள். பதில் வராவிட்டால் தொட்டிக்குப் போகும். பொத்தான்களை மட்டும் காகிதத்தில் மடித்து, துணி வந்த வீட்டு வாசலில் வைத்துவிடுவார்கள். பிறகு ஒரு மழையில் ஓடை பெருகி, ஆலையையும் உள்ளே இருந்த பெண்களையும் கொண்டுபோனது. ஒரு செங்கல்கூட மிஞ்சவில்லை.

இதெல்லாம் சித்தப்பாவுக்கும் தெரியும். ஆனால் பயம் வந்தால் எது ஞாபகம் இருக்கிறது?

ஓடை வளைவில் செயின் கழன்றது. குனிந்தார். அப்போதுதான் அந்த நாற்றம்... நாள்பட்ட ஈரத் துணியும் சுண்ணாம்பும். பிறகு சத்தம். தொம்... தொம்... தண்ணீருக்கு அடியிலிருந்து. அது நின்றதும், முதுகுக்குப் பின்னால் களைத்துப்போன ஒரு பெண் குரல்.

"இது யாருக்காவது வேணுமா?"

இருட்டில் குரல் கேட்டால் பதில் கொடுக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர் அவர். பல்லைக் கடித்துக்கொண்டார். செயின் வழுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டாவது முறை குரல் இன்னும் பக்கத்தில். மூன்றாவது முறை கெஞ்சியது. அவர் மூச்சுகூட விடவில்லை.

தொம்... தொம்... மறுபடி தொடங்கியது. செயின் மாட்டிக்கொண்டது. விழுந்தடித்து வீடு வந்து சேர்ந்தார்.

பையைத் திறந்தார். ஸ்வெட்டர் அப்படியே இருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்து, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாமல் தப்பியதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். கதவைச் சாத்தப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

படியில் ஒரு காகித மடிப்பு. ஈரமாக. உள்ளே மூன்று பொத்தான்கள், அறுந்த நூலோடு. வெள்ளை. ஸ்வெட்டர் பொத்தான்கள் நீலம்... வெள்ளைப் பொத்தான் மகள் போட்டிருந்த கவுனில்தான்.

உள்ளே ஓடினார். கவுன் முன்பக்கம் திறந்து கிடந்தது. நெற்றியைத் தொட்டார். காய்ச்சல் விட்டிருந்தது... ஓடைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"மூணு தடவை கேட்டாங்களேப்பா... நீங்க ஏன் வேணும்னு சொல்லல?"