இன்னும் கொஞ்ச நேரம்

புதைத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. இரவு ஒன்றரை மணி. ஊரைத் தாண்டிய புறவழிச்சாலை. முன்னால் வண்டி இல்லை. பின்னாலும் இல்லை. வரிசையாக விளக்குக் கம்பங்கள் மட்டும்... அதிலும் பாதி எரியவில்லை.

காரை ஓட்டியவர் ஒரு மருந்துக்கடைக்காரர். பக்கத்தில் அவருடைய மச்சினி. பின் சீட்டில் ஒரு தையல் மெஷின்.

அந்த மச்சினிதான், என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தியின் அப்பா வழிச் சித்தி.

“சித்தி பேரென்ன?” என்றாள் எங்கள் அறை வாயாடி. விடுதியில் மின்சாரம் போயிருந்தது. ஆறு பேர், ஒட்டிப் போட்ட இரண்டு கட்டிலில்.

“பேரெல்லாம் வேண்டாம்,” என்றேன். “நாளைக்கே அவகிட்டப் போய்க் கேட்டு வெப்பே.”

“நானா? நான் வாயே தெறக்க மாட்டேன்.”

இருட்டிலும் எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

தையல் மெஷின் சித்தியின் அக்காவுடையது. மருந்துக்கடைக்காரரின் மனைவி அவள். அக்காவுக்கு வீட்டு முன்னறையில் தையல் கடை. பக்கத்தில் போனாலே மெஷின் எண்ணெய் வாசனை அடிக்கும். ஊசி குத்திக் குத்தி, அவள் இடது ஆள்காட்டி விரலின் நுனி உப்புத்தாள் மாதிரி ஆகியிருந்தது. சின்ன வயதில் அந்த விரலால்தான் தங்கையின் முதுகைச் சொறிந்து விடுவாள்.

ஒரு மதியம் அக்கா படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

மாரடைப்பு என்றார் மருந்துக்கடைக்காரர். டாக்டர் வந்தார். கடைக்காரருக்கு வேண்டியவர். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். போய்விட்டார். சாயங்காலமே எடுத்துவிடலாம் என்றார் கடைக்காரர்.

சித்தி ஓடி வந்தாள். அக்காவோடு அவள் பேசி ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு சட்டையின் கை நீளத்துக்காக வந்த சண்டை. அவ்வளவுதான்.

“ஒரு ராத்திரி மாமா. ஒரே ஒரு ராத்திரி. பேசாம விட்டதையெல்லாம் பேசிட்டு அனுப்பிடறேன்.”

“செத்தவகிட்ட என்னம்மா பேச்சு?”

சித்தி வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். என்னைத் தாண்டித்தான் தூக்கிட்டுப் போகணும் என்றாள். சொந்தக்காரர்கள் அவள் பக்கம் சேர்ந்தார்கள். வேறு வழியில்லாமல் அவர் ஃபிரீசர் பெட்டிக்குச் சொன்னார்.

கண்ணாடி மூடி போட்ட பெட்டி. ம்ம்ம்ம்... என்று ஓடும். டக். நிற்கும். மறுபடி ம்ம்ம்ம்...

எல்லாரும் அங்கங்கே தூங்கிப் போனார்கள். சித்தி மட்டும் பெட்டியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். முடிக்கும்போதெல்லாம் அதையே சொன்னாள். “இன்னும் கொஞ்ச நேரம் இரு அக்கா.”

முகத்துக்கு நேரே கண்ணாடி மங்கிக்கொண்டே வந்தது. உள்ளங்கை அளவுக்கு. சித்தி துண்டால் துடைத்தாள். முகம் தெரியவில்லை. மறுபடி துடைத்தாள். கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

“பெட்டின்னா வேர்க்கத்தாம்மா செய்யும். வெளியில துடைச்சு விடு.”

சொல்லிவிட்டுக் குனிந்தார். குளிர் வைக்கும் திருகை, திருகுகிற வரைக்கும் திருகினார். முகத்துக்கு நேரே கண்ணாடி மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். மருந்து தெரிந்தவர் சொல்கிறார்... சித்தி நம்பினாள். ஆனாலும் துணியை ஒதுக்கி ஒதுக்கித் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள், விடியும்வரை. காலையில் புதைத்தார்கள்.

“எங்க வீட்டு ஃபிரிட்ஜும் வேர்க்குமே,” என்றாள் வாயாடி.

“மழைக்காலத்துல வேர்க்கும். அது உதடு வெடிக்கிற வெயில் காலம்.”

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

சாலைக்கு வருகிறேன். அக்காவின் மெஷினையாவது கொடுங்கள் என்று சித்தி கேட்டிருந்தாள். காலையில் கடை திறக்க வேண்டும் என்று ராத்திரியோடு ராத்திரியாக அவளைக் கொண்டுபோய் விடப் புறப்பட்டார் அவர்.

முதலில் எண்ணெய் வாசனை. மெஷின்தான் பின்னால் இருக்கிறதே என்று சித்தி நினைத்தாள்.

அப்புறம் சத்தம். ம்ம்ம்ம்... டக்.

அவர் ஏ.சி.யை அணைத்தார். குளிர் போகவில்லை. ம்ம்ம்ம்...

முன் கண்ணாடியில், சரியாக அவர் முகத்துக்கு நேரே, உள்ளங்கை அளவுக்கு மங்கியது. கையால் துடைத்தார். மறுபடி படர்ந்தது. வைப்பரைப் போட்டார். அது வறண்ட கண்ணாடியில் கிறீச் கிறீச்சென்று தேய்ந்தது. காரை ஓரம் கட்டினார்.

“வெளியில துடைச்சு விடும்மா.”

சித்தி ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பையிலிருந்து துண்டை எடுத்தாள். அதே துண்டு. இறங்கினாள்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

டக்.

நான்கு கதவும். எஞ்சின் நின்றது. அவர் இழுத்தார். சுவிட்சுகளை அமுக்கினார். தோளால் இடித்தார். ஒன்றும் அசையவில்லை. சித்தி பயந்துபோய் முன் கண்ணாடியைத் துடைத்தாள். மங்கல் போகவில்லை. அவர் பல் கிட்டித்து உதறுவது வெளியே தெரிந்தது.

“கல்லெடும்மா! கல்லெடுத்து ஒடை!”

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

சாலையோரம் கல் கிடந்தது. எடுத்தாள். ஓங்கினாள்.

அவள் மணிக்கட்டில் ஒரு விரல் நுனி பட்டது.

உப்புத்தாள் மாதிரி.

மெஷின் பூட்டிய காருக்குள் இருந்தது. எண்ணெய் வாசனை வெளியே... அவள் தோளுக்குப் பின்னால். காதுப் பக்கம் ஐஸ் மாதிரி ஒரு மூச்சு.

“இன்னும் கொஞ்ச நேரம் இருடி.”

சித்தி கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். உள்ளே இருந்தவரைப் பார்த்தாள்.

கல்லைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாளாம்.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுமோ என்று பயம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினாள். ஆறு மாதம் பேசாததையெல்லாம். சட்டைக் கை நீளத்தைக்கூட. தப்பு என் பேரிலதான் அக்கா என்றாள். அந்த விரல் அவள் முதுகில் மெதுவாகச் சொறிந்துகொண்டிருந்தது.

உள்ளே அவர் வாய்க்கு நேரே கண்ணாடியில் அந்த மங்கல் விரிந்தது. சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது. நாலணா அளவாயிற்று. வெளுக்கும் முன் அதுவும் இல்லை. முதுகில் விரலும் இல்லை.

கதவு தானாகத் திறந்துகொண்டது.

மாரடைப்பு என்றுதான் எழுதினார்கள். அவர் மீசையில் வெள்ளையாக ஏதோ இருந்தது. வேர்வை உப்பு என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் தொட்டார். விரலில் உருகியது.

“ஏம்மா, கல்லு காலடியிலதானே கிடக்குது? ஒடைக்க வேண்டியதுதானே?”

“பயத்துல கை ஓடல சார்.”

அதையே எழுதிக்கொண்டார்கள்.

பல வருஷம் கழித்து, என் தோழியும் சித்தியும் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பழைய துண்டு வந்தது. தோழி அதே கேள்வியைக் கேட்டுவிட்டாள். ஏன் சித்தி, கல்லைக் கீழ வெச்சீங்க?

சித்தி துண்டை நாலாக மடித்தாள். மேலே கையை வைத்து நீவினாள்.

“அன்னிக்கு அந்தக் காரைத் துடைச்சேனே... துண்டு நனையல.”

“அதுக்கு?”

“அப்பதான்டி எனக்குப் புரிஞ்சுது. பெட்டியையும் விடிய விடியத் துடைச்சேன். அன்னிக்கும் இந்தத் துண்டு நனையவே இல்ல. கண்ணாடி வேர்த்தது உள்பக்கம். நான் பேசப் பேச... அக்கா மூச்சு விட்டுட்டுத்தான் இருந்திருக்கா.”