முன் இடது சக்கரம் பிடிக்குது

பிரபாகரன் அண்ணன் அதிவேகமாகவும் ஓட்டவில்லை, அஜாக்கிரதையாகவும் ஓட்டவில்லை, பிரேக் பெடல் தரைக்குப் போய்விட்டது என்று அவர் ஆஸ்பத்திரியில் சொல்வது முழுக்க உண்மை, அப்படிப் போகும்படி செய்தவன் நான், அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். பெயர், வயது, முகவரி முதலில் வேண்டும் என்று எழுத்தர் ஐயா சொன்னதால் அதைச் சொல்கிறேன்.

என் பெயர் முஹ்சின், வயது 20, தகப்பனார் பெயர் நாகூர் கனி. விருதுநகர் பள்ளிவாசல் தெருவில் கதவு எண் 14/2இல் பெற்றோருடன் குடியிருக்கிறேன். அத்தா மிளகாய் வத்தல் வியாபாரம் செய்கிறார். நான் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மெக்கானிக் வேலையை நான் யாரிடமும் பழகவில்லை, எந்தப் பட்டறையிலும் வேலை பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் 1984ஆம் வருடத்து அம்பாசடர் ஒன்று உள்ளது. அதைக் கழற்றி மாட்டியும், இண்டர்நெட்டில் பழைய கார் பிரியர்கள் நடத்தும் ஒரு குழுவில் படித்தும் கற்றுக்கொண்டேன். அந்தக் குழுவில் மற்றவர்கள் கேட்கும் சந்தேகங்களுக்கு மூன்று வருடமாகப் பதில் எழுதி வருகிறேன். அங்கே என்னை டாக்டர் என்று கூப்பிடுவார்கள். அது நானாக வைத்துக்கொண்ட பெயர் அல்ல, ஆனால் வேண்டாம் என்றும் நான் சொன்னதில்லை.

எம். புதுப்பட்டியில் குடியிருக்கும் பிரபாகரன், வயது சுமார் 40, பழைய அம்பாசடர் ஒன்றில் பட்டாசுக் கம்பெனிக்குப் பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் திரும்பக் கூட்டிவருகிறவர். கடந்த செப்டம்பர் மாதம் டயர் வாங்க விருதுநகர் வந்தவர், எங்கள் வீட்டு வாசலில் நான் காருக்கு அடியில் படுத்திருப்பதைப் பார்த்து நின்றார். தன் வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் டடக் டடக் என்று அடிக்கிறது என்றும், மூன்று பட்டறையில் பார்த்தும் நிற்கவில்லை என்றும் சொன்னார். அவர் வண்டியின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அமுக்கி விட்டு, எத்தனை தடவை குதித்து நிற்கிறது என்று எண்ணினேன். ஒன்றரைக் குதியில் நின்றால் ஷாக் அப்சார்பர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "ஏலே தம்பி, நீ மெக்கானிக்கா, இல்ல நாடி பாக்குற வைத்தியனா?" என்று கேட்டுச் சிரித்தார். அதன் பிறகு ஜாக்கியில் முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டினேன், சக்கரம் விரல் கனத்துக்கு ஆடியது. முன் சக்கரம் திரும்பும் அச்சில் உள்ள கிங் பின் புஷ் தேய்ந்திருக்கிறது, ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டியதில்லை என்று சொன்னேன். அவர் சிவகாசியில் புஷ்ஷை மட்டும் மாற்றினார், சத்தம் நின்றது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. அதைக் குழுவில் எழுதினேன், 41 பேர் பாராட்டிப் பதில் போட்டார்கள். பிரபாகரனும் அதன் பிறகு வண்டிக்கு எது என்றாலும் எனக்குத்தான் போன் செய்வார்.

இந்த அக்டோபர் 16ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை சுமார் பதினொரு மணிக்கு அவர் போன் செய்து, பிரேக் பெடல் ரொம்ப இறங்குகிறது, மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று சொன்னார். நேரில் வந்து பார்க்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தீபாவளி சீசன் என்பதால் அவருக்கு விருதுநகர் வர நேரமில்லை, பார்க்காமலே கண்டுபிடித்துச் சொல்ல முடியும் என்று எனக்கும் ஆசை இருந்தது. பிரேக் ஷூவுக்கும் அது உரசி நிறுத்தும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கும், சக்கரத்தைத் தூக்கி, ஓட்டை வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு, சக்கரம் நிற்கும்வரை ஷூவை நெருக்கும் அட்ஜஸ்டரை இறுக்கி, பிறகு இரண்டு பல் பின்னால் விடுங்கள், நான்கு சக்கரத்துக்கும் அப்படிச் செய்யுங்கள் என்று சொன்னேன்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு மேல் மறுபடியும் போன் செய்தார். "தம்பி, நீ சொன்னபடி செஞ்சேன். முன்னால எடது கைப்பக்கம் பிடிக்குது. மத்த மூணும் பிடிக்கல. என்ன செய்ய?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் எழுத்தர் ஐயா 'பிரேக் வேலை செய்தது' என்று எழுதினார். அப்படி எழுத வேண்டாம், அவர் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன், அவரும் அடித்துவிட்டு அப்படியே எழுதினார். ஏனென்றால் நானும் அன்று எழுத்தர் ஐயா புரிந்துகொண்டது போலத்தான் புரிந்துகொண்டேன். பிரேக் பிடிக்கிறது என்றால் மிதித்ததும் நன்றாக நிற்கிறது என்று எடுத்துக்கொள்வோம். பிரபாகரன் சொன்னது அது அல்ல. பெடலில் காலே வைக்காமல் முன் இடது சக்கரத்தைப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, கையால் சுற்றினால் சுற்றவில்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னார். மற்ற மூன்றும் பிடிக்கவில்லை என்றது, அவை தாராளமாகச் சுற்றுகின்றன, சரியாக இருக்கின்றன என்ற அர்த்தத்தில். கெட்டுப்போன சக்கரம் அந்த ஒன்றுதான். நான் நல்ல சக்கரம் அந்த ஒன்றுதான் என்று நினைத்தேன்.

"அப்ப அந்த மூணையும் எடது மாதிரியே வச்சிருங்க அண்ணே" என்று சொன்னேன். "அம்புட்டுந்தானா?" என்றார். "அம்புட்டுத்தான்" என்றேன். பேசியது மொத்தம் ஒரு நிமிடம் இருக்காது.

மறுநாள் 17ஆம் தேதி அவரே போன் செய்து, வண்டி இப்போது ஒரு பக்கமும் இழுக்கவில்லை, பெடலில் காலை வைத்ததுமே நிற்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். நான்கு சக்கரமும் ஒரே அளவு இறுகியிருந்ததால் இழுப்பு மறைந்துவிட்டது. அது குணமானதற்கு அடையாளம் அல்ல என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "என்ன, வண்டி கொஞ்சம் கனமா ஓடுது தம்பி" என்றும் சொன்னார். சீசன் லோடு அப்படித்தான் இருக்கும் அண்ணே என்று நான் சொன்னேன். ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பாருங்கள், எது சுடுகிறது என்று சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இதே கேள்வியைக் குழுவில் முன்பின் தெரியாத எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். 18ஆம் தேதி மதியம், போனிலேயே பிரேக் கோளாறைக் கண்டுபிடித்தேன் என்று குழுவில் எழுதினேன்.

17, 18, 19 ஆகிய மூன்று நாளும் வண்டி ஓடியது. அப்போதெல்லாம் காலையில் ஒரே ட்ரிப், பிறகு மாலை வரை வண்டி நின்று ஆறிவிடும். 20, 21 தேதிகளில் ஆயுத பூஜை விடுமுறை. 22ஆம் தேதி திங்கட்கிழமை கம்பெனியில் ஆர்டர் முடிக்க அவசரம் என்று ஆட்களைக் கூடுதலாகக் கூப்பிட்டதால், காலையில் ஒரு ட்ரிப் விட்ட கையோடு வண்டியை நிறுத்தாமல் திரும்பி வந்து ஏழு பெண்களை ஏற்றிக்கொண்டு இரண்டாவது ட்ரிப் புறப்பட்டார்.

அதன் பிறகு நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. காரில் இருந்து காயத்துடன் பிழைத்த பத்திரகாளி என்பவர் 23ஆம் தேதி ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். முன் சீட்டில் இடது ஓரம் இருளம்மாள், வயது சுமார் 50, உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் அவர், "ஏ பிரபாகரா, என்னமோ தீயுற நாத்தம் வருது, வண்டிய ஓரங்கட்டு" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பின் சீட்டில் இருந்த பத்திரகாளி, "அது நம்ம சேலையில இருக்குற மருந்து நாத்தம் மதினி. தீவாளி முடியிற வரைக்கும் எங்க வீட்டு ஆளே கிட்டக்க வர மாட்டேங்குறாக" என்று சொல்ல, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பட்டாசுக்குள் போகும் மருந்தின் வாடை அவர்கள் துணியில் எப்போதும் உண்டு என்பதால் பிரபாகரனும் நிறுத்தவில்லை. வேறு ஊர் வண்டியாக இருந்தால் அந்த வாடைக்கு உடனே நிறுத்தியிருப்பார்கள். இருளம்மாளும் சிரித்துவிட்டு, முந்தானையை மோந்து பார்த்துக்கொண்டார் என்று பத்திரகாளி சொன்னார். "நாந்தான் அவ வாய அடைச்சுப்புட்டேன்" என்று இரண்டு தடவை சொன்னார். அது உங்கள் தப்பு இல்லை என்று நான் சொன்னேன். யாருடைய தப்பு என்று அவர் கேட்கவில்லை, நானும் அங்கே சொல்லவில்லை.

காலை சுமார் ஏழே முக்கால் மணிக்குப் பாலத்தை ஒட்டிய திருப்பத்தில் எதிரே டிராக்டர் வந்திருக்கிறது. பிரபாகரன் பிரேக்கை மிதித்ததும் பெடல் தடுப்பே இல்லாமல் தரையைத் தொட்டிருக்கிறது. விட்டு விட்டு மிதித்தும் வரவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கிறார், சூட்டில் டிரம் விரிந்திருந்ததால் அதுவும் உதவவில்லை. டிராக்டரில் மோதாமல் ஸ்டேரிங்கை ஒடித்ததில் கார் இடது பக்கமாகப் பாலத்துச் சுவரில் அடித்தது. இருளம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துவிட்டார். மூன்று பெண்களுக்குக் காயம். பிரபாகரனுக்கு வலது கால் முறிந்தது.

இந்தச் செய்தி அன்று மதியம் எனக்குத் தெரிந்தது. முதல் காரியமாகக் குழுவில் 18ஆம் தேதி நான் எழுதியதை அழித்தேன். யாரும் என்னை அழிக்கச் சொல்லவில்லை.

23ஆம் தேதி ஆஸ்பத்திரியில் பிரபாகரனைப் பார்த்தேன். "பிடிக்குதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல தம்பி, சக்கரம் அசையவே இல்லன்னுதான அர்த்தம்?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் பெயரை ஏன் இதுவரை போலீசில் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "ஸ்டேரிங்கப் பிடிச்சது நான். உன் பேரு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு வீட்டில் அத்தாவிடம் சொன்னேன். "போன்ல பேசுனத யாருலே பாத்தா? நீயாப் போயி பேரு குடுக்கப் போறியா?" என்று கேட்டார். நான் எங்கள் காரை எடுக்காமல் இன்று அதிகாலையிலேயே பஸ் ஏறி இங்கே வந்தேன்.

விபத்துக்கு மறுநாள் வண்டியைச் சோதித்ததில் பிரேக் பிடிக்கிறது என்று அறிக்கை வந்திருப்பதாகவும், அதனால் ஓட்டியவர் மீதுதான் குற்றம் என்றும் கேள்விப்பட்டேன். சோதித்தவர் பார்த்தது பொய் இல்லை. உரசி உரசி டிரம் பழுக்கும்போது பழைய பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிடும். ஆவி நசுங்கும், அழுத்தாது, அதனால் பெடல் தரைக்குப் போகும். ஆறிய பிறகு ஆவி மறுபடி ஆயிலாகி, ஒன்றுமே நடக்காத மாதிரி பிரேக் பிடிக்கும். ஷூ தீய்ந்து தேய்ந்திருப்பதால் சக்கரமும் இப்போது தாராளமாகச் சுற்றும். ஆகவே நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்க வேண்டும். டிரம்மின் உட்பக்கம் நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருக்கும், ஷூவின் மேல் பக்கம் கண்ணாடி போல இறுகி வெடித்திருக்கும், சக்கரத்தின் நடுவில் கிரீஸ் உருகி வழிந்திருக்கும். வேகமாக ஓட்டியதால் இந்த அடையாளங்கள் வராது. வண்டி திறந்த வெளியில் மழையில் நிற்கிறது, துரு ஏறினால் நிறம் மறைந்துவிடும். என் முன்னால் கழற்ற வேண்டாம், எனக்குத் தெரியாத ஒரு நல்ல மெக்கானிக்கை வைத்துக் கழற்றுங்கள்.

இதைச் சொன்னால் என் மேல் வழக்கு வரலாம் என்று அதிகாரி ஐயா இரண்டு தடவை எடுத்துச் சொன்னார். புரிந்துதான் சொல்கிறேன்.

17, 18, 19 தேதிகளிலும், 22ஆம் தேதி காலை முதல் ட்ரிப்பிலும் அந்தக் காரில் மாறி மாறி வந்த பெண்கள் இருபது பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். இறங்கும்போது சக்கரத்தின் பக்கம் காலில் அனல் அடித்ததா, வாடை வந்ததா, வண்டி திணறியதா என்று அவர்களுக்குத்தான் தெரியும். சீசன் நேரத்தில் சாட்சி சொல்லப் போனால் வேலை போய்விடும் என்று பயந்துகொண்டு இதுவரை ஒருவரும் வரவில்லை. அவர்கள் வந்து சொல்ல வேண்டும். அவர்களைத் தெரிந்தவர்கள் இந்தச் செய்தியைக் கம்பெனி வாசலிலும் வேன் நிற்கும் இடத்திலும் சொல்லி அனுப்ப வேண்டும். என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தாலும் சரி, வர வேண்டும். ஒருவர் வந்தாலும் போதும்.

இதை எழுத்தர் ஐயா எனக்கு வாசித்துக் காட்டினார், நானும் என் கண்ணால் படித்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் உள்ளது அத்தனையும் நிஜம், யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ நான் இதைச் சொல்லவில்லை.

(ஒப்பம்)
நா. முஹ்சின்
25.10.2007