கல்யாணச் சுருளின் கடைசி ஒன்றரை நிமிடம்

ஃபிலிமை எப்போதும் ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும், டாக்டரம்மா. நடுவில் விரல் பட்டால் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் என்ன துடைத்தாலும் போகாது. நீங்கள் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்க்கும் அந்தத் துண்டில் மூன்றே படங்கள்தான் இருக்கின்றன. என் அக்கா அதைக் கைப்பையின் உள்தையலுக்குள் வைத்திருந்தாள் என்கிறீர்கள். எட்டு மாதமாக உங்கள் மனநல விடுதியில் இருக்கிறாள், இப்போதுதான் யார் கண்ணிலோ பட்டிருக்கிறது. இதிலிருக்கும் குழந்தை யார் என்று கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். மென்று முழுங்கிப் பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது.

நான் பல்செட் செய்யும் பட்டறையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். காலையில் தட்டு நிறைய மனிதர்களின் வாய் அச்சுகள் வந்து இறங்கும். கழுவித்தான் அனுப்பினேன் என்று பல் டாக்டர் சத்தியம் செய்வார். இடுக்கில் நேற்றைய ரொட்டி இருக்கும். சிலவற்றில் எச்சில் நூலாகக் காய்ந்து நிற்கும். மற்றவர்கள் அதைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டு அதே மேஜையில் சாப்பிடுவார்கள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறவன்.

அதனால்தான் சுருள்கள் சேர்க்க ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் எங்காவது ஒரு ராஜாவுக்கு முடிசூட்டினால், அதை மூன்று நான்கு நிமிடச் சுருளாகச் சுருக்கி, அட்டைப்பெட்டியில் போட்டு விற்பார்கள். வீட்டு மெஷினில் மாட்டிச் சுவரில் பார்த்துக்கொள்ளலாம். சத்தம் இருக்காது. முடிசூட்டு, கல்யாணம், சவ ஊர்வலம், மாடத்தில் நின்று கையசைப்பது என்று அறுபத்தோரு சுருள் வைத்திருக்கிறேன். பட்டறையில் என் பட்டப்பெயர் ‘இளவரசர்’. இருக்கட்டும். அறுபத்தோரு சுருளிலும் ஒருவர்கூட மெல்லுவதில்லை. விருந்து மேஜையைக் காட்டுவார்கள். முதல் கவளத்துக்கு முன்பே வெட்டிவிடுவார்கள். வெட்டிய புண்ணியவான் யாரோ, அவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், கையுறை போட்டிருந்தால்.

ஆனால் இந்தச் சுருள்களை வாங்கிய குடும்பங்களுக்கு ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. சொந்தமாகக் கேமரா வைத்திருந்தவர்கள், தங்கள் வீட்டுப் படத்தை ராஜா படத்தின் வாலில் ஒட்டிவிடுவார்கள். கல்யாணம் பார்க்க வந்த விருந்தாளி எழுந்து ஓடுவதற்குள் நம் பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று. எனக்கு வந்த சுருள்களில் பாதிக்கு இப்படி வால் இருந்தது. யாரோ குளிப்பது, யாரோ நாயைக் கொஞ்சுவது. முதல் நாளே வெட்டிவிடுவேன். ஒன்றில் மட்டும் கை வைக்க முடியவில்லை. அது அத்தான் வாங்கிய அரச கல்யாணச் சுருள். வாலில் இருந்தது அக்காவின் மகள்.

பாப்பா நான்கு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் அசைகிற படம் உலகத்தில் அது ஒன்றுதான். அத்தானும் போன பிறகு அக்கா அந்தச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். நான் வைத்துக்கொண்டேன். கூடப்பிறந்தவள் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஓட்டுவேன். மூன்று நிமிடம் இளவரசி வண்டியிலிருந்து இறங்குவாள், படியேறுவாள், கையசைப்பாள். ஒட்டு வந்ததும் படம் ஒருமுறை குலுங்கும். பாப்பா கேக் தின்பாள். மூக்கில் கிரீம், முகவாயில் எச்சில், அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்குவாள். கடைசியில் தவழ்ந்து வந்து கேமரா கண்ணாடியை நக்குவாள். என் சுவர் முழுக்க ஒரு நாக்கு. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அக்கா கையில் ஜாம் ரொட்டியோடு எழுந்துபோய் அந்த நாக்கை முத்தமிடுவாள்.

“உன் ராணிங்கல்லாம் சாப்பிடவே மாட்டாங்களாடா தம்பி? எம் பொண்ணப் பாரு, எப்படி முழுங்குறா!”

“சுவத்த விட்டுத் தள்ளி நில்லுக்கா.”

“அவதான் தள்ளிப் போயிட்டா. நானாவது கிட்ட நிக்கிறேனே.”

திங்கட்கிழமை காலை சுவரில் உதடு வடிவத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். சோப்பு போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். நான்கு வருடம். நீங்களாக இருந்தால் தேய்த்திருப்பீர்களா?

பழைய ஃபிலிம் கெட்டால் வினிகர் மாதிரிப் புளித்து நாறும், பக்கத்துச் சுருளுக்கும் தொற்றும். போன வருடம் அந்தச் சுருள் நாற ஆரம்பித்தது. குழந்தையின் பகுதி கெட்டது, அதனால் வெட்டினேன் என்று உங்களிடம் சொல்லலாம், நம்புவீர்கள். நியாயமாகப் பேசுவோம். பிரித்து மோந்து பார்த்தேன். புளித்திருந்தது கல்யாணம். பாப்பாவின் பகுதியில் துளி நாற்றம் இல்லை. இருந்தும் அதைத்தான் வெட்டினேன். புளிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வெட்டும்போது ஒட்டுப் போட்ட இடம் கோணலாக இருந்ததால் மூன்று படங்களை நறுக்கித் தள்ளினேன். ஒரு நாளைக்கு மூன்று முறை பெருக்குகிறவன், அன்று மேஜைக்கு அடியில் பார்க்கவில்லை. அதுதான் உங்கள் கையில் இருப்பது.

அடுத்த ஞாயிறு இளவரசி கையசைத்ததோடு படம் முடிந்தது. அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

“பாப்பா எங்கடா?”

இதை முன்பே யோசித்து வைத்திருந்தேன். கெட்டுப்போச்சு என்றால், கெட்டதையே கொடு என்பாள், மடியில் வைத்துக்கொள்வாள். இல்லவே இல்லாததை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

“எந்தப் பாப்பாக்கா? இந்தச் சுருள்ல எப்பவும் கல்யாணம் மட்டும்தானே?”

“வெளையாடாதடா” என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மூன்றாவது வாரம் அவளும் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு சுருளின் தலையிலும் படமில்லாத வெற்று ஃபிலிம் ஒரு கை நீளம் இருக்க வேண்டும், மெஷினில் கோப்பதற்கு. அது ஓடும் பத்து விநாடி சுவரில் வெறும் வெளிச்சம்தான். ஐந்தாவது வாரம் அந்த வெளிச்சத்தில் அக்கா எழுந்துபோய் உள்ளங்கையை வைத்தாள். “இங்கதான்டா இருக்கா” என்றாள். நான் எந்தச் சுருளைப் போட்டாலும் அதையே சொன்னாள். உங்களுக்கு முன்பிருந்த பெரிய டாக்டரிடம் கூட்டிவந்து, நடந்ததை நடந்தபடியே சொன்னேன், வெற்று வெளிச்சத்தில் குழந்தையைப் பார்க்கிறாள் என்று. அப்படி ஒரு படம் எப்போதாவது இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் பொய்.

போன மாதம் நான் பார்க்க வந்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்படி ஒரு படமே இல்லடா தம்பி. நான்தான் எதையோ நெனச்சிக்கிட்டேன்” என்றாள். நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அப்போதும் இந்தத் துண்டு அவள் பையில் இருந்திருக்கிறது. சொந்தத் தம்பியிடம் இப்படி மறைப்பாள் என்று நான் நினைக்கவில்லை. உள்ளபடியே வருத்தமாக இருக்கிறது.

மிச்சப் படத்தைக் கொண்டுவந்தால் அவளை நாளைக்கே வெளியே அனுப்பலாம் என்கிறீர்கள். கொண்டுவர முடியாது. வெற்று ஃபிலிம் இப்போது எங்கும் கிடைப்பதில்லை, டாக்டரம்மா. சேகரிப்பவர்கள் வேண்டாத படத்தை பிளீச்சில் ஊறப்போடுவோம். படம் தோல் மாதிரிக் கழன்று வந்துவிடும், கீழே கண்ணாடி போன்ற நாடா நிற்கும். அக்கா வெளிச்சத்தில் கை வைப்பதற்கு முன்பே, பாப்பாவின் ஒன்றரை நிமிடத்தை ஒரு காலை வேளையில் குளியலறை வாளியில் ஊறப்போட்டேன். அவள் கவுன் முதலில் போயிற்று. மற்றதெல்லாம் பழுப்புக் கூழாகக் கையுறையில் ஒட்டியது. ஓங்கரித்துக்கொண்டே சாக்கடையில் ஊற்றினேன். அலசிக் காயவைத்ததும் நாடா அத்தனை சுத்தம். ஒன்பது துண்டாக நறுக்கி, என்னிடமுள்ள நல்ல சுருள்கள் ஒன்பதின் தலையில் ஒட்டினேன். அதற்கப்புறம் ஓட்டியதெல்லாம் அந்த ஒன்பதைத்தான்.

அந்த ஞாயிறுகளில் சுவரில் விழுந்த வெளிச்சம் அதுதான். அக்கா சொன்னதில் தப்பில்லை என்று நீங்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். அவளை இங்கே சேர்த்துக்கொள்ளும் வரை ஒரு ஞாயிறுகூட விடாமல், முதலில் அவள் மகளைத்தான் ஓட்டினேன், ராஜாக்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். நான் காட்டவில்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது.